கண் திறந்த போட்டோ

கெடாரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதலில் என் பார்வையில் பட்டவள் அக்காதான். மின்கம்பத்துக்கும் டீக்கடைக்கும் நடுவே, ஆள் உயரத்துக்கு மேலே, பேனரில் இருந்தாள். அன்று விடியற்காலையில்தான் அவள் உயிர் போயிருந்தது. திண்டிவனத்தில் சேதி கேட்டு, விழுப்புரத்தில் பஸ் மாறி நான் வந்து சேருவதற்குள் பேனர் கட்டிவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் அப்படித்தான். பந்தல்காரரைக் கூப்பிடுவதற்கு முன்னால் பிளக்ஸ் கடைக்கு ஆள் ஓடும்.

அழுதுகொண்டே கிட்டே போனேன். போனவளுக்கு அழுகை பாதியில் நின்றுவிட்டது. மூக்கு அக்காவுடையது. மூக்குத்தி அக்காவுடையது. வெற்றிலை போட்டுச் சிவந்த உதடு அக்காவுடையது. கண் மட்டும் அவளுடையது இல்லை. எங்கேயோ பார்த்த கண். யாருடையது, யாருடையது என்று யோசித்தபடியே தெருவுக்குள் நடந்தேன். அக்காவின் மருமகள் ஓடிவந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். “சின்னத்தே, எங்க அத்தே போயிடுச்சே!” என்று கதறிவிட்டு முகத்தை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள்.

அந்தக் கண்தான் பேனரில் இருந்தது.

நடந்தது இதுதான். அக்காவைத் தனியாக நிறுத்தி யாரும் போட்டோ எடுத்ததில்லை. பேரனின் காதுகுத்தில் மாமியாரும் மருமகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்ற படம் ஒன்றில்தான் முகம் தெளிவாக இருந்தது. அதில் அக்கா கண்ணை மூடியிருந்தாள். ‘கண் மூடியிருந்தால் பேனருக்கு லட்சணம் இருக்காது, நான் திறந்துவிடுகிறேன்’ என்று பிளக்ஸ் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். எழவு அவசரத்தில் எப்படித் திறப்பாய் என்று யாரும் கேட்கவில்லை. அவர் பக்கத்தில் நின்ற மருமகளின் கண்ணை எடுத்து மாமியாருக்கு ஒட்டிவிட்டார்.

அந்த இரண்டு பேருக்கும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. உப்புக்குச் சண்டை, டி.வி.க்குச் சண்டை, கோழியை யார் அடைப்பது என்று சண்டை. அப்படிப்பட்டவளின் கண்ணை வாங்கிக்கொண்டு என் அக்கா ஊரைப் பார்த்தபடி நின்றாள். எழவு வீட்டிலேயே பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். கருமாதி அன்றைக்கு எதிர்வீட்டுக்காரி வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

“ஏம்மே, உங்க மாமியா கண்ணைப் புடுங்கிட்டு உன் கண்ணை வச்சிட்டியாமே? செத்தும் உன்னை மொறைக்கும்னு பயமா?”

மருமகள் கூடத்தில் உட்கார்ந்து அழுதாள். “சாமி சத்தியமா எனக்குத் தெரியாது சின்னத்தே. வருஷப் படையலுக்காவது எங்க அத்தே கண்ணோட ஒரு பேனர் வச்சாவணும். இல்லாட்டி இந்தத் தெருவுல நான் நிமிந்து நடக்க முடியாது” என்றாள்.

அக்கா கண்ணுக்கு எங்கே போவது? கல்யாண ஆல்பம், வளைகாப்பு ஆல்பம், எல்லோருடைய செல்போன் என்று துழாவினோம். எல்லாவற்றிலும் மூடிக்கொண்டே இருந்தாள். எங்கள் அப்பன் வம்சத்துக்கே பிளாஷ் ஆகாது. நானும் அப்படித்தான். ஓட்டு அட்டையில் தூங்குகிறேன். ரேஷன் கார்டில் தூங்குகிறேன். ஆதார் எடுக்கும்போது அந்தப் பெண் கருவிழியைப் பதிவதற்காக இமையை விரலால் தூக்கிப் பிடித்தாள். படம் எடுக்கும்போது விரலை எடுத்துவிட்டாள். அதிலும் அரைத் தூக்கம். என் மகளுடைய கல்யாண ஆல்பத்தைப் பார்த்தால் மூன்று நாள் தூங்காமல் வேலை செய்தவள் மேடையிலேயே அசந்துவிட்டாள் என்றுதான் நினைப்பார்கள்.

நான் யார் முன்னாலும் தலைகுனிந்து நின்றவள் இல்லை. வேர்க்கடலைக் கொல்லைகளில் மல்லாட்டை பிடுங்க ஆள் சேர்த்து, அவர்களுக்கு முன்னால் நடந்து போனவள். கொல்லைக்காரர் கூலி விஷயத்தில் ஏறுக்குமாறாகப் பேசினால் அவர் கண்ணைப் பார்த்துப் பேசினவள். அந்தக் கண்ணுக்கு ஓர் அத்தாட்சி இல்லையே என்று அன்றைக்குத்தான் உறைத்தது. நாளைக்கு நான் போனால் யார் கண்ணை எனக்கு ஒட்டுவார்கள்? அந்தப் பயம் வந்ததிலிருந்து வீட்டில் உட்கார முடியவில்லை.

திண்டிவனத்தில் எங்கள் தெருமுனையில் ஒரு பெண் போட்டோ கடை வைத்திருக்கிறாள். மஞ்சள் நீராட்டு, பிறந்தநாள், வளைகாப்பு எல்லாம் எடுப்பவள். ஒருநாள் தலைக்கு எண்ணெய் தடவி வாரி முடிந்து, நீலப் புடவை கட்டிக்கொண்டு அவள் கடைக்குப் போனேன்.

“பாப்பா, எனக்கு ஒரு போட்டோ எடுக்கணும். கண்ணு தொறந்துக்கினு இருக்கணும்.”

“எதுக்கு ஆயா? பென்ஷனுக்கா?”

“சாவுக்கு.”

அவள் குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்தாள். “எப்போ ஆயா?”

“அது எனக்கு எப்பிடித் தெரியும்? வர்றப்ப வரட்டும். போட்டோ ரெடியா இருக்கணுமில்ல?”

அவள் சிரித்துவிட்டு ஸ்டூலில் உட்கார வைத்தாள். எடுத்தாள், எடுத்தாள், கை ஓயும்வரை எடுத்தாள். ஒன்றில்கூட என் கண் திறக்கவில்லை. கடைசியில் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பிடித்திருந்தது. பெண் பார்க்க வந்தவர்கள்கூட என்னை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

“ஆயா, ஞாயித்துக்கிழமை விழுப்புரத்துல போட்டோக்காரங்களுக்கு நான் ஒரு கிளாஸ் எடுக்கிறேன். மொகத்துக்கு எப்பிடி வெளிச்சம் வைக்கிறதுன்னு. மாடலுக்கு ஒரு காலேஜ் பொண்ணு வருது. வயசானவங்க மொகம் ஒண்ணு வேணும்னு தேடிக்கினு இருந்தேன். நீ வர்றியா? அங்க எல்லா லைட்டும் இருக்கும். எப்பிடியாவது உன் கண்ணைத் தொறந்துடலாம்.”

“மாடல்னா இன்னா செய்யணும்?”

“சும்மா ஒக்காரணும். நான் சொல்ற பக்கம் திரும்பணும்.”

சும்மா உட்காருவதற்கு ஓர் ஆளைத் தேடுகிறார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். மகனிடம் சொன்னேன். “ஒனக்கு எதுக்கும்மா இந்த வேலை? மாடலாம் மாடல்” என்றான். “ஏன், பொறாமையா?” என்று கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் விழுப்புரம் போய்ச் சேர்ந்தேன். துணைக்கு வரச் சொல்லி அக்கா மருமகளுக்குப் போன் செய்திருந்தேன். கெடாரிலிருந்து பஸ்ஸில் வந்து ஸ்டேஷன் வாசலில் நின்றிருந்தாள். ஷேர் ஆட்டோவில் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “இன்னா சின்னத்தே, பவுடர்லாம் பூசிக்கினு! பொண்ணு பாக்க வர்றாங்களா?” என்றாள். ஆட்டோவில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே.

ஒரு கல்யாண மண்டபத்தின் மாடி ஹால் அது. கீழே சாயங்கால வரவேற்புக்குச் சமையல் நடந்துகொண்டிருந்தது. வெங்காயம் வதங்கும் வாசனை மாடிவரை வந்தது. மேலே ஜன்னலையெல்லாம் சாத்தி, கறுப்புத் துணி தொங்கவிட்டு, பகலை இருட்டாக்கி வைத்திருந்தார்கள். கம்பிக் காலில் பெரிய பெரிய விளக்குகள். ஒன்றுக்குக் குடை பிடித்திருந்தார்கள். வெளியே கறுப்பு, உள்ளே வெள்ளி. இன்னொன்றுக்கு வெள்ளைத் துணி கட்டிய பெட்டி. செஞ்சி, விக்கிரவாண்டி என்று பல ஊர்களிலிருந்து கடைக்காரர்கள் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். கோட்டக்குப்பத்திலிருந்து வந்தவர் துபாயில் ஸ்டுடியோவில் வேலை பார்த்தவராம். அவர்தான் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிற தெர்மாகோல் பலகையைத் தூக்கிக்கொண்டு நின்றார். எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. பயமில்லை, சந்தோஷம்தான். திருவிழாவில் ராட்டினம் மேலே போய் நிற்குமே, அந்த மாதிரி.

முதலில் காலேஜ் பெண்ணை உட்கார வைத்தார்கள். கெட்டிக்காரி. கழுத்தை நீட்டி, தாடையைக் கொஞ்சம் இறக்கி, தோளை ஒருபக்கம் திருப்பி, மூச்சை விடாமல் இருந்தாள். எங்கள் போட்டோக்காரப் பெண் விளக்கை ஒரு முழம் தள்ளினாள். அந்தப் பெண்ணின் கன்னம் வேறாகிவிட்டது! இன்னும் ஒரு முழம் தள்ளினாள். கன்னத்துக்கு அந்தப் பக்கம் இருட்டு விழுந்து, அவளே வேறு ஒரு ஆளாகிவிட்டாள். நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். முகம் என்பது ஒன்றுதான் என்று இத்தனை வயசுவரைக்கும் நினைத்திருந்தேன். விளக்கைத் தள்ளத் தள்ள அந்தப் பெண்ணுக்குள் இருந்து அவள் அம்மா, அத்தை எல்லோரும் ஒவ்வொருவராக எட்டிப் பார்ப்பதுபோல இருந்தது.

“மூக்கு நெழல் ஒதட்டைத் தொடக் கூடாது” என்று எங்கள் போட்டோக்காரப் பெண் வந்திருந்தவர்களுக்குச் சொன்னாள். “அப்பறம் கண்ணைப் பாருங்க. கருவிழிக்குள்ள ஒரு வெள்ளைப் பொட்டு தெரியுதா? அது நம்ம லைட்டு. அந்தப் பொட்டு இல்லன்னா கண்ணு செத்துப்போன மாதிரி இருக்கும்.”

நான் எட்டிப் பார்த்தேன். உண்மைதான். அந்தப் பெண்ணின் கண்ணுக்குள் குட்டியாக ஒரு வெளிச்சம் உட்கார்ந்திருந்தது.

பிறகு என் முறை. என் பவுடரை ஈரத்துணியால் துடைத்துவிட்டார்கள். எனக்குக் கோபம். “சுருக்கந்தான் ஆயா அழகு. அதைப் போய் மூடிக்கினு வந்திருக்கியே” என்றாள் போட்டோக்காரப் பெண். எந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தடுமாறியதும், “மல்லாட்டை ஆயறப்ப எப்பிடி ஒக்காருவ? அப்பிடி ஒக்காரு” என்றாள். ஒரு முழங்காலை உயர்த்தி, அதன்மேல் கையைப் போட்டு உட்கார்ந்தேன். உடம்பு தானாக நிமிர்ந்தது. சுற்றி நின்றவர்கள், “அட!” என்றார்கள். ராணிக்குக்கூட அப்படி ஓர் ‘அட’ கிடைத்திருக்காது.

ஆனால் கண்?

“ரெடி” என்றாள். பிளாஷ் வெட்டியது. மூடிவிட்டேன். மறுபடி வெட்டியது. மறுபடியும் மூடினேன். பிளாஷை அணைத்துவிட்டு, அணையாமல் எரிகிற விளக்கை வைத்தார்கள். அப்போதும் மூடினேன்.

“நீ வெளிச்சத்துக்கு மூடல ஆயா. ‘ரெடி’ன்னதும் மூடற” என்றாள்.

ரெடி சொல்லாமல் எடுத்தார்கள். நான் அவள் விரலைப் பார்த்தேன். விரல் அசைந்ததும் இமை விழுந்தது. ஆள் மாற்றி ஆள் எடுத்துப் பார்த்தார்கள். கோட்டக்குப்பத்துக்காரர் தெர்மாகோலுக்குப் பின்னாலிருந்து, தன் அம்மாவைக் கூப்பிடுவதுபோல, “உம்மா, கண்ணை ரெண்டு நிமிஷம் வாடகைக்காவது குடுங்க. நாங்க ஊருக்குத் திரும்பணும்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை விளக்கு, இத்தனை ஆள் இருந்தும் முடியவில்லை என்றால் என் தலையெழுத்து அவ்வளவுதானா என்று நினைத்தேன். கீழேயிருந்து மண்டபத்து மேனேஜர் வந்து, “ஜல்தி முடிங்க சார், வரவேற்புக்கு நாற்காலி போடணும்” என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார்.

அப்போதுதான் அக்கா மருமகள் விளக்குக்குப் பின்னாலிருந்து வாயைத் திறந்தாள்.

“வுடு சின்னத்தே. இதெல்லாம் ஒனக்கு வராது. எங்க அத்தே அப்பவே சொல்லும், என் தங்கச்சிக்கு ஒரு கருவாட்டுக் கொழம்புகூட உருப்படியா வைக்கத் தெரியாது, பூனைகூட மோந்து பாத்துட்டுப் போயிடும்னு.”

“யாரு? அவளா சொன்னா?” திரும்பி ஒரு முறை முறைத்தேன்.

டக்.

எடுத்துவிட்டாள். எடுத்தது எனக்குத் தெரியவே இல்லை. கேமராவிலிருந்து ஒயர் போட்டு ஒரு பெரிய டி.வி.யில் படம் வரும்படி வைத்திருந்தார்கள். அத்தனை பேரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். நானும் எழுந்து போனேன். அவ்வளவு பெரிய நான்! ஒவ்வொரு சுருக்கமும் வாய்க்கால் மாதிரி வெளிச்சம் ஓட, நடுவில் இரண்டு கண், அகலத் திறந்து, கோபமாக, உள்ளே வெள்ளைப் பொட்டோடு. என் கண்! நான் கைதட்டிவிட்டேன். மற்றவர்களும் தட்டினார்கள்.

மருமகள் மட்டும் தட்டவில்லை. டி.வி.யிலிருந்து இரண்டு அடி பின்னால் நகர்ந்தாள்.

“சின்னத்தே... இது எங்க அத்தே.”

“போடி. நானு.”

“மூக்கும் வாயும் நீதான். அந்தக் கண்ணு எங்க அத்தேது. இப்பிடித்தான் சின்னத்தே என்னை மொறைக்கும். தெனம் வாங்கின எனக்குத் தெரியாதா?”

நான் உற்றுப் பார்த்தேன். நாங்கள் அக்கா தங்கை என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் என் கண்ணை நான் எப்போது பார்த்தேன், அது யாருடையதைப்போல என்று தெரிந்துகொள்ள? அக்காதான் அங்கிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மருமகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “உன் கண்ணைக் குடு சின்னத்தே. அத்தே பேனருக்கு.”

நான் சட்டென்று சரி சொல்லவில்லை. வாழ்நாளில் முதன்முதலாகக் கிடைத்த கண், கிடைத்த நிமிஷமே கேட்கிறாளே என்று இருந்தது. பிறகு கெடார் நிறுத்தத்தில் அக்கா இவள் கண்ணை வைத்துக்கொண்டு திருதிருவென்று நின்றது ஞாபகம் வந்தது. “எடுத்துக்கோ. ஆனா அந்த பிளக்ஸ் கடைக்காரர்கிட்ட குடுக்காத. இந்தப் பாப்பாதான் ஒட்டணும்” என்றேன்.

போட்டோக்காரப் பெண் மருமகளின் போனில் இருந்த காதுகுத்துப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள். “ஒட்டாது ஆயா. உங்க அக்காவுக்கு வாசல் வெளிச்சம் இடப்பக்கத்துலேர்ந்து வருது. உன்னை நாங்க வலப்பக்கம் லைட் வச்சி எடுத்திருக்கிறோம். இதை அதுல வச்சா திருட்டுக் கண்ணுன்னு ஊரே சொல்லும். இன்னொரு வாட்டி ஒக்காரணும்.”

“அதே மாதிரி மொறைக்கணுமா?”

“அதே மாதிரி.”

கீழே நாதஸ்வரக்காரர்கள் வந்து சுதி பார்க்கிற சத்தம் கேட்டது. மேனேஜர் மறுபடி படியேறி வந்தார். கோட்டக்குப்பத்துக்காரர் அவரைத் தடுத்து நிறுத்தி, “கொஞ்சம் பொறுங்க பாய், ஒரு உம்மாவுக்குக் கண்ணு வருது” என்றார். விளக்கை இடப்பக்கம் உருட்டினார்கள். தலையை அக்கா திருப்பியிருந்த அளவுக்குத் திருப்பினார்கள். நான் முழங்காலில் கையைப் போட்டு உட்கார்ந்தேன்.

மருமகள் பழையபடி ஆரம்பித்தாள். “கருவாட்டுக் கொழம்பு...” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்துவிட்டது. பூனை என்றாள், உப்பு என்றாள், என் மகனை இழுத்தாள். கோபமே வரவில்லை. விரல் அசைந்தது. இமை விழுந்தது. போட்டோக்காரப் பெண் கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கவில்லை.

அப்போது எனக்குத் தோன்றியது, முறைக்க வேண்டியது நான் இல்லையே, அக்காதானே? அக்கா எப்படி முறைப்பாள்? தலையைத் தூக்க மாட்டாள். தாடையைக் கீழே இறக்கி, புருவத்துக்கு அடியிலிருந்து, ஒரு சொல்லும் சொல்லாமல் பார்ப்பாள். நான் சின்ன வயசில் அவள் பாவாடையை எடுத்து உடுத்திக்கொண்டு போனபோது அப்படித்தான் பார்த்தாள். தாடையை இறக்கினேன். வெற்றிலை இல்லாத வாயில் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டேன். கேமராவுக்குப் பின்னால் நேரே நின்ற மருமகளைப் பார்த்தேன். கேமராவை மறந்தேன். விரலை மறந்தேன். மருமகளை முறைக்கும்போது அக்காவுக்குப் பயம் இல்லையே, எனக்கு எங்கிருந்து வரும்?

மருமகள் தோளிலிருந்து நழுவியிருந்த முந்தானையை மடமடவென்று இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

“நான் ஒண்ணும் பண்ணல அத்தே” என்றாள்.

டக், டக், டக் என்று கேமரா அடித்துக்கொண்டே இருந்தது. ஒன்றில்கூட நான் கண் மூடவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் ரயிலில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து எல்லோருடைய முகத்தையும் பார்த்துக்கொண்டே வந்தேன். சாயங்கால வெயில் ஒருபக்கமாக விழுந்து, எதிரே இருந்த பூக்காரியின் மூக்கு நிழல் சரியாக உதட்டுக்கு மேலே நின்றது. எழுந்து சொல்லிவிடலாமா என்றுகூட இருந்தது.

என்னுடைய முதல் படம், அந்தக் கோபப் படம், இப்போது திண்டிவனத்தில் போட்டோ கடை வாசலில் பெரிதாக மாட்டியிருக்கிறது. பால் வாங்கப் போகிறவள் நேர்வழியை விட்டு அந்த வழியாகத்தான் போகிறேன். யாராவது நின்று பார்த்தால் நானும் பக்கத்தில் நின்று பார்ப்பேன். என் பேனருக்கு அதையே வைக்கச் சொல்லிவிட்டேன். அவசரம் ஒன்றுமில்லை.

வருஷப் படையலுக்கு முந்தின நாளே கெடாருக்குப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே அக்கா பார்த்துவிட்டாள். டீக்கடைக்காரர், “இந்தப் பக்கம் நின்னாலும் மொறைக்குது, அந்தப் பக்கம் போனாலும் மொறைக்குது, கிளாஸ் கழுவ முடியல” என்றார். எதிர்வீட்டுக்காரி குடத்தோடு வந்து பேனருக்கு எதிரே நின்றாள். வெகுநேரம் நின்றாள். “அப்பிடியே கெழவிதான். வாங்கின மொளகாத் தூளைத் திருப்பிக் குடுடீன்னு கேக்கற மாதிரியே இருக்குது” என்று சொல்லிவிட்டுப் போனாள். மருமகள் என்னைப் பார்த்தாள். அவ்வளவு நிமிர்ந்து அவள் தெருவில் நடந்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் கருவாட்டுக் குழம்பை நான்தான் வைத்தேன். யாரையும் அடுப்புப் பக்கம் அண்டவிடவில்லை. அதே படத்தை வீட்டிலும் சட்டம் போட்டு, பூச்சரம் சாத்தி வைத்திருந்தார்கள். இலை போட்டு, சோறு வைத்து, குழம்பை நிறைய ஊற்றி, படத்துக்கு எதிரே சப்பணம் போட்டு உட்கார்ந்தேன். அவள் புருவத்துக்கு அடியிலிருந்து என்னைப் பார்த்தாள்.

“மொறைக்காத. மொதல்ல தின்னு பாரு. அப்பறம் சொல்லு, பூனை திங்குமா திங்காதான்னு” என்றேன்.

பின்னாலிருந்து மருமகள், “உப்பு கொஞ்சம் கம்மியாம் சின்னத்தே” என்றாள்.